சூரியன் கடலில் மறையாத சென்னை... அதிகாலை 5 மணிக்கே தொடங்கும் கோடைக்கால போட்டோ சீசன்!

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் வேலை நேரமே மாறிப்போகும் தொழில்கள் சென்னையில் சில உண்டு. அவுட்டோர் போட்டோகிராபி அதில் ஒன்று. மே மாதத்தில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தேகால் மணிக்கு பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். நடைப்பயிற்சிக்காரர்களுக்கு முன்பே மணலில் கேமராவோடு சிலர் நிற்பார்கள். பக்கத்தில், அந்த நேரத்துக்கே தலைநிறைய மல்லிகைப்பூவும் பட்டுப்புடவையுமாக ஒரு பெண். வேட்டியை மணலில் படாமல் தூக்கிப் பிடித்தபடி ஒரு பையன். சாலையோரம் நிற்கும் காருக்குள் ஃபிளாஸ்க் காபியோடு பையனின் அம்மா. வெள்ளை ரிஃப்ளெக்டரைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விடுவது பெரும்பாலும் பெண்ணின் தம்பி.

இவ்வளவு சீக்கிரம் எதற்கு? காரணம் சென்னையின் திசைதான்.

கடற்கரையில் சூரிய அஸ்தமனம், முழங்காலிட்டு மோதிரம் நீட்டும் காதலன், பின்னால் ஆரஞ்சு நிற வானம். இப்படி ஒரு ரீல்ஸை அனுப்பி, ‘அண்ணா, இதே மாதிரி வேணும்’ என்று கேட்காத ஜோடி குறைவு. அந்த வீடியோக்கள் கோவாவிலோ வர்க்கலாவிலோ எடுத்தவையாக இருக்கும். மேற்குக் கடற்கரையில் சூரியன் கடலில் இறங்கும். சென்னையிலோ கடலில் உதிக்கும். மாலையில் கிண்டிப் பக்கம் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் போய்விடும். பெசன்ட் நகரில் அஸ்தமனத்தைப் படம் பிடிக்க வேண்டுமானால் கடலுக்கு முதுகைக் காட்டி, பஜ்ஜிக் கடைகளைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். ஆக, கடலும் பொன்வெயிலும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் சென்னையில் ஒரே வழி, விடியற்காலை. மே மாத நடுவில் சூரியன் 5.43 மணி வாக்கில் எழுகிறது. அதிலிருந்து அரை மணி நேரம் முகத்தில் விழும் வெளிச்சம் எந்த ஃபில்டராலும் கொடுக்க முடியாதது. ஏழு மணி தாண்டினால் கண் கூச ஆரம்பிக்கும். ஏழரைக்கு மேக்கப் வழிய ஆரம்பிக்கும்.

விடியற்காலை எழுந்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு மாற்றுவழி உண்டு. பௌர்ணமி அன்று சூரியன் மேற்கே இறங்கும் நேரத்தை ஒட்டியே கிழக்கே கடலிலிருந்து நிலா எழும். வானம் முழுதாக இருட்டியிருக்காது. நிலாவும் தெரியும், ஆளும் தெரியும். கேலண்டரில் சித்ரா பௌர்ணமியையும் வைகாசி விசாகத்தையும் போட்டோகிராபர்கள் வட்டம் போட்டு வைப்பது பக்தியால் மட்டுமல்ல.

பகல் நேரம் ஏன் ஆகாது என்பதற்கும் வானத்தில்தான் காரணம் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் கம்பம் நட்டுக் காட்டுவார்களே, அதுதான். ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை வரும். இடைப்பட்ட மாதங்கள் முழுக்க உச்சி வெயில் ஏறக்குறைய செங்குத்தாகவே விழுகிறது. நெற்றி வெளுத்து, கண் இரண்டும் குழியாகக் கறுத்து, எவ்வளவு அழகான முகமும் களைத்ததுபோல் தெரியும். வெப்பத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவான ஊர் இது. மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்தால் கொஞ்சம் பிழைக்கலாம். அது தாமதமாகும் நாள்களில் மாலை நாலரைக்கு வரச் சொன்ன குடும்பத்தை ஐந்தரைக்குத் தள்ளிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எலியட்ஸில் எல்லோரும் தேடிப்போகும் பின்னணி, அந்த வெள்ளை நிற வளைவு மண்டபம். கார்ல் ஷ்மிட் நினைவிடம். 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய், தானே மூழ்கி இறந்த டென்மார்க் நாட்டு மாலுமிக்காகக் கட்டியது. மோதிரம் மாற்றும் ஜோடிகளில் எத்தனை பேர் அந்தக் கல்வெட்டைப் படித்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான். ஆனாலும் முன்பின் தெரியாதவர்களுக்காக உயிரைக் கொடுத்தவனின் நினைவிடம், வாழ்நாள் வாக்குக் கொடுக்கப் பொருத்தமில்லாத இடம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பொருத்தமில்லாதது வேறொன்று இருக்கிறது. இருட்டிய பிறகு மணலில் இதய வடிவில் மெழுகுவத்தி, சீரியல் பல்பு, ‘மேரி மீ’ என்று எரியும் எழுத்துகள்! இதே கரையில்தான் ஜனவரி முதல் ஆலிவ் ரிட்லி ஆமைகள் ஏறி வந்து முட்டையிடுகின்றன. ஏறக்குறைய 45 முதல் 50 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். கோடை சீசன் சூடுபிடிக்கும் ஏப்ரல், மே மாதங்களிலும் அது தொடரும். பொரிந்த குஞ்சு வெளிச்சம் தெரியும் திசையைக் கடல் என்று நம்பி நகரும். கரையில் விளக்கு எரிந்தால் கரைக்கே வந்துவிடும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை 1988 முதல் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிற மாணவர் ஆமை பாதுகாப்பு அமைப்பினரின் உழைப்பு ஒருபக்கம். அரை மணி நேர அலங்காரத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் செலவழிப்பது மறுபக்கம். விவரம் தெரிந்த போட்டோகிராபர்கள் ராத்திரி விளக்கு அலங்காரத்துக்கு ஒப்புக்கொள்வதில்லை. மற்றவர்களும் விட்டுவிடலாம். படத்தில் பார்க்கும்போது கல்யாண மண்டப வாசல் மாதிரிதான் இருக்கிறது என்பது கூடுதல் காரணம்.

சரி, இந்த ‘ப்ரொபோசல்’ சமாசாரத்துக்கு வருவோம். மேலைநாட்டில் இது ஒரு கேள்வி; அவள் சரி என்பாளா, மாட்டாளா என்ற பதற்றம் உண்டு. மயிலாப்பூர், அடையாறு வட்டாரத்தில் பல ஜோடிகளுக்குக் கேள்வி கேட்கும்போதே பதில் ரெடி. ஜாதகம் பார்த்து, நிச்சயம் முடிந்து, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அதன் பிறகுதான் பையன் மணலில் முழங்காலிடுகிறான். ‘சர்ப்ரைஸ்’ என்பதற்காக இரண்டு குடும்பமும் கார்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பெண்ணுக்கும் தெரியும். தெரியாத மாதிரி வாயைப் பொத்தி ஆச்சரியப்பட வேண்டும். அதையும் இரண்டாவது டேக் கேட்பார்கள். கேலியாகத் தோன்றினாலும், பெண் பார்க்க வந்த அன்று நாலு வார்த்தைகூடத் தனியாகப் பேச முடியாத ஒருவனும் ஒருத்தியும் ஊரறியக் கைகோக்கும் முதல் தருணம் பலருக்கு அதுதான். அதனால்தானோ என்னவோ, நடிப்பாக ஆரம்பித்து நிஜமாகவே கண்கலங்கி முடிகிற செஷன்களும் உண்டு.

இன்னொரு வகை ஜோடிகளும் வருகிறார்கள். வீட்டுக்குத் தெரியாதவர்கள். சாதியோ மதமோ குறுக்கே நிற்க, இருவர் மட்டும் வந்து, அவசரமாகச் சிரித்து, அவசரமாகக் கிளம்புகிறவர்கள். இவர்களின் படத்தை இன்ஸ்டாகிராமில் மாதிரிக்காகப் போட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டில் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமில்லை. அதனால் ‘போஸ்ட் பண்ணலாமா?’ என்ற கேள்வியை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது இந்தத் தொழிலில் லென்ஸைவிட முக்கியம். ‘வேண்டாம்’ என்று வந்தால் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

குடும்பப் படங்களுக்கு வேறு இடம், வேறு நேரம். அதற்கு மயிலாப்பூர்தான். கபாலீஸ்வரர் கோயிலின் பெரிய கோபுரம் கிழக்கு பார்த்தது. சுமார் 120 அடி உயரக் கிழக்கு கோபுரத்தின் மேல் காலை வெயில் விழும். தெப்பக்குளமோ மேற்கே இருக்கிறது. எனவே மாலையில் ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கம் நின்றால், முதுகுக்குப் பின்னிருந்து வரும் வெயில் குளத்தின் மீதும் அதற்கு அப்பால் கோபுரங்களின் மீதும் நேராக விழும். கோயிலுக்குள் கேமராவோடு போகும் பேச்சே இல்லை. தமிழகக் கோயில்களில் செல்போனுக்கே தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆகவே எல்லாமே வெளியில்தான்: குளக்கரை, மாட வீதிகளின் பித்தளைக் கடைகள், பூக்கூடை, கொலுசுக் கடை வாசல். கடைக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தால் அவர்களே பூக்கூடையை நகர்த்தி இடம் விடுவார்கள். கேட்காமல் எடுத்தால் வியாபார நேரத்தில் என்ன கிடைக்குமோ, அது கிடைக்கும்!

இந்தச் சில வருடங்களாகப் பெரிய தலைவலி மெட்ரோ. லஸ், கச்சேரி சாலை, மந்தைவெளி, அடையாறு, தி.நகர் பனகல் பார்க் என்று படமெடுக்கத் தோதான பகுதிகளாகப் பார்த்துத் தகரத் தடுப்புகள். குடும்பத்தை அரை அடி தள்ளி நிற்க வைத்தால் பின்னால் கிரேன். ஒருநாள் ரயில் ஓடும், சரி. அதுவரை குனிந்து, சாய்ந்து, தடுப்பு தெரியாமல் எடுக்கத் தெரிந்தவரே நல்ல போட்டோகிராபர்.

தி.நகரில் 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் கொஞ்சம் ஆறுதல். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவான பகுதி என்பதை இன்றைய கூட்டத்தைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணப் புடவை வாங்க வந்த கையோடு, பைகளைக் கீழே வைத்துவிட்டு கல் பெஞ்சில் உட்கார்ந்து எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் இங்கே ஜாஸ்தி. ஏழு மணிக்கு மேல் கடை விளக்குகளே போதும்.

ஆனால் சீசனின் கனமான வேலை, ஜூன் மாதத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளோடு ஆரம்பிக்கிறது. சிங்கப்பூர் பள்ளிகளுக்கு ஜூனில் விடுமுறை; அமெரிக்காவில் ஆகஸ்ட் வரை. பெரியவன் நியூஜெர்சியிலிருந்து, பெண் சிங்கப்பூரிலிருந்து, சின்னவன் பெங்களூரிலிருந்து. எல்லோரும் சேர்ந்தாற்போல மயிலாப்பூர் வீட்டில் இருப்பது பத்து நாள். அந்தப் பத்து நாளில் ஒருநாள் குலதெய்வம் கோயில், ஒருநாள் பல் டாக்டர், ஒருநாள் மழை. மிச்சமிருக்கும் ஒரு மாலையில்தான் மூன்று தலைமுறையும் ஒரே ஃப்ரேமுக்குள் வர வேண்டும்.

லஸ் சர்ச் சாலையில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா இதற்கு வசதி. அமிர்தாஞ்சன் நிறுவனர் பெயரில் இருக்கும் அந்தப் பூங்காவில் நல்ல மர நிழல் உண்டு. தாத்தா பாட்டி அதிகம் நடக்கவும் வேண்டாம். டிரைபாட், குடை லைட் என்று விரித்தால் காவலாளி வந்து கேட்பார் என்பதால், கேமரா ஒன்றோடு முடித்துக்கொள்வார்கள். பேரன் அரை மணி நேரத்தில் ஓடிவிடுவான். மருமகள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் துணி எடுத்திருப்பாள். தாத்தா மட்டும் தன் பழைய வெள்ளைச் சட்டையில்தான் வருவார்.

பெரியவர்கள் கேமராவைப் பார்த்ததும் விறைத்து நிற்பதைப் பேரப்பிள்ளைகள் கிண்டல் செய்வதுண்டு. அவர்கள் பழகிய முறை அப்படி. ஜி.கே.வேல் போன்ற ஸ்டூடியோக்களில் விளக்குகளுக்கு நடுவே, ‘அசையாதீங்க’ என்ற குரலுக்குக் கட்டுப்பட்டு மூச்சைப் பிடித்து நின்ற தலைமுறை. ஒரு படம் வீணானால் ஒரு ஃபிலிம் வீணானது. ‘தாத்தா, இயல்பா இருங்க’ என்றால் இன்னும் விறைப்பாவார். அனுபவசாலிகள் அப்படிச் சொல்வதில்லை. ‘நீங்க எந்த ஆபீஸ்ல வேலை பார்த்தீங்க சார்?’ என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்லத் தொடங்கியதும் தோள் இறங்கும்.

எல்லாம் முடிந்து, குடும்பம் செருப்பு மாட்டும் நேரத்தில், மூத்த மகனோ மகளோ போட்டோகிராபரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போவார்கள். அம்மாவைத் தனியாக ஒன்று எடுத்துவிட முடியுமா? நேராகப் பார்த்த மாதிரி, மார்பளவு, பின்னால் ஒன்றும் இல்லாமல். எதற்கு என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள். இவரும் கேட்க மாட்டார். பாட்டிக்கு மட்டும் புரிந்துவிடும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ‘இப்படிப் பார்க்கட்டுமா தம்பி?’ என்று அவரே திரும்பி உட்காருகிற நேரமும் உண்டு. பார்க்கப்போனால் அந்த மாலையில் மிகச் சுலபமாக எடுத்து முடிகிற படம் அதுதான்.

ஜூலை நடுவில் ஆடி பிறந்தால் முகூர்த்தம் இல்லை. ப்ரொபோசலும் ப்ரீ-வெட்டிங்கும் ஆவணி வரை ஓய்வெடுக்கும். வெளிநாட்டுக் குடும்பங்களும் ஒவ்வொன்றாக விமானம் ஏறிவிடும். பொருள்களைப் படமெடுத்துக் கொடுப்பது, பழைய ஆல்பம் வேலைகள் என்று அந்த மாதம் ஓடும். அந்தத் தனிப்படத்துக்கான போன் மட்டும் மாதம் பார்த்து வருவதில்லை. ஏதோ ஒரு இரவில், வெளிநாட்டு எண்ணிலிருந்து, பெரிய சைஸில் அது கிடைக்குமா, காலைக்குள் பிரின்ட் போட முடியுமா என்று கேட்பார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, தேதி பார்த்துத் தேடி எடுத்து, இரவோடு இரவாக அனுப்பிவிட வேண்டும். அதற்குத் தனி பில் போடும் வழக்கம் பலரிடம் இல்லை.