சீர்க்கெசி நிலையம்

இஸ்தான்புல் மாநகரின் ஐரோப்பியக் கரையிலே, கடலுக்கு அண்மையில் அமைந்திருப்பது சீர்க்கெசிப் புகையிரத நிலையம். ஜேர்மனியக் கட்டடக் கலைஞர் ஒகுஸ்ட் யாஸ்மண்ட் வரைந்த திட்டப்படி எழுந்து, 1890ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. மேற்கிலிருந்து வந்த ‘ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ இங்கேதான் தன் ஓட்டத்தை முடித்தது. வண்ணக் கண்ணாடி பதித்த வட்டச் சாளரங்களைப் பிரயாணிகள் இன்றும் வியந்து நோக்குகின்றனர். ஆயின், இம்மேடையில் நின்ற நமக்கு நினைவில் வந்தவர் அந்தச் செல்வப் பிரயாணிகள் அல்லர். பெட்டியுங் கையுமாய் இங்கே வண்டியேறிய துருக்கியத் தொழிலாளரே.

1961 ஒக்டோபர் 30இல் துருக்கிக்கும் மேற்கு ஜேர்மனிக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்பட்டது. ஜேர்மனிய ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. கிழக்கிலிருந்து ஆள் வந்த வழியை அவ்வாண்டு ஆகஸ்டில் எழுந்த பேர்லின் மதில் அடைத்துவிட்டது. துருக்கியிலோ வேலையற்றோர் பலர். இஸ்தான்புலில் இயங்கிய ஜேர்மனிய அலுவலகம், விண்ணப்பித்தோரின் பல் முதலாக உடம்பு முழுவதையும் சோதித்தே ஆள் தெரிந்தது. தேறியவர் இரண்டு மூன்று நாட் பயணத்தின்பின் மியூனிச் நிலையத்தின் 11ஆம் மேடையில் இறங்கினர். அதன் கீழிருந்த போர்க்கால நிலவறையில் உணவளித்து, அவர்களைப் பல ஊர்களுக்கும் பிரித்தனுப்பினர்.

முதலில், இரண்டாண்டுக்கு மேல் தங்க இடமில்லை. பழகிய தொழிலாளியை அனுப்பிப் புதியவனைப் பழக்குவது முதலாளிமார்க்கு நட்டமாகவே, 1964இல் அவ்வரம்பு நீங்கிற்று. 1973 நவம்பரில் ஆட்சேர்ப்பே நின்றது. ஊர் சென்றால் மீள இயலாதென அஞ்சிய பலர், மனைவி மக்களை வரவழைத்தனர். விருந்தாளி எனப்பட்டவர் குடிகளாயினர்.

மேற்கே கதவு மூடுமுன்னரே தெற்கே ஒன்று திறந்திருந்தது. 1972இல் துருக்கிய நிறுவனமொன்று லிபியாவின் திரிப்போலித் துறைமுக வேலையை ஏற்றது. பின்னர் சவூதி அரேபியா, ஈராக் முதலிய நாடுகளுக்கும் கொத்தரும் தச்சரும் நிறுவனங்களோடு சென்றனர். அங்கே வேலை முடிந்தால் ஊர் திரும்பவேண்டும். குடும்பம் பெரும்பாலும் உடன் செல்வதில்லை. 2011இல் லிபியாவிற் கலகம் மூண்டபோது, 20,000க்கும் மேற்பட்ட துருக்கியர் கப்பலிலும் விமானத்திலும் மீட்கப்பட்டனர்.

நம் நாட்டிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கு ஒப்பந்தத்திற் செல்வோர் பலர். ஒப்பந்தத்திற் சம்பளமும் காலமும் குறிக்கப்படும். தகப்பனை, தாயைக் காணாது பிள்ளை வளரும் ஆண்டுகள் அதிற் குறிக்கப்படுவதில்லை. அக்கணக்கை வீட்டிலிருப்போரே அறிவர்.