கார்போகரிசியும் இளவெயிலும்

தோல் நோய்க்கு ஒளிச் சிகிச்சை டென்மார்க்கில்தான் பிறந்தது என்று எங்கே படித்தாலும் என் மனம் ஒப்புவதில்லை. கார்பன் விளக்கின் ஒளியால் தோல் காசநோயைக் குணமாக்கி 1903-இல் நோபல் பரிசு பெற்றார் நீல்ஸ் ஃபின்சன். பெரிய காரியம்தான். ஆனால் உடையார்பாளையத்தில் என் சின்னப்பாட்டி, கெண்டைக்காலில் வந்த வெண்புள்ளிக்குக் கார்போகரிசி விதையை அரைத்துப் பூசிக்கொண்டு தினமும் இளவெயிலில் உட்கார்ந்ததை அம்மா பார்த்திருக்கிறார். ஃபின்சனின் பெயர் அந்தத் தெருவுக்கு வந்திருக்க வழியில்லை. அப்படியானால் யார் சொல்லி உட்கார்ந்தார்?

ஜெயங்கொண்டத்து நாட்டு மருந்துக் கடைப் பெரியவரிடம் கேட்டேன். "நலங்கு மாவுக்கா, மருந்துக்கா?" என்றபடி விதையை அள்ளினார். வெயிலைப் பற்றிக் கேட்டதும் கை நின்றது. "வெயில்ல என்ன தம்பி இருக்கு? வேலை செய்யுறது சரக்கு. பூசினது காயணும்ல, அதுக்குத்தான் வெயில்ல உட்காரச் சொன்னாங்க."

மறுபடி மறுபடி போனேன். காயத்தான் என்றால் நிழலில் காற்றாட உட்காரலாமே, உச்சி வெயில் ஏன் ஆகாது என்றெல்லாம் கேட்டுப் பார்த்தேன். "எங்கப்பா அப்படித்தான் சொன்னாரு" என்பதைத் தாண்டி அவர் நகரவில்லை. அது எனக்குள் ஒரு சந்தேகத்தைப் போட்டது. சின்னப்பாட்டியின் வெயிலுக்கு நான்தான் மருத்துவம் என்று பெயர் சூட்டுகிறேனோ?

வேதியியல் என் பக்கம் இருந்தது. ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கடராவ் என்ற மூன்று இந்தியர்கள் 1933-இல் இந்த விதையிலிருந்து சோராலன் என்ற பொருளைப் பிரித்தார்கள். இருட்டில் சோராலன் தோலின் நிறத்தை மாற்றாது. புற ஊதா ஏ கதிர் பட்டால்தான் செல்லின் டிஎன்ஏவோடு பிணைந்து, மயிர்க்கால்களில் மிஞ்சியிருக்கும் நிறமிச் செல்களைக் கிளப்பிவிடும். அதனால் நிறம் முதலில் மயிர்க்கால்களைச் சுற்றித்தான் வரும். சின்னப்பாட்டியின் காலில் எள்ளைத் தூவியதுபோல் முதலில் புள்ளி புள்ளியாகக் கறுத்தது என்று அம்மா சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெண்புள்ளி வந்திருந்த அவருடைய விரல் நுனிகள் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தன. அங்கே மயிர்க்கால் கிடையாது.

ஆனாலும் வெயில் வேலை செய்தது என்பது வேறு, வெயில்தான் மருந்து என்று தெரிந்து உட்கார்ந்தார்கள் என்பது வேறு. 13-ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-பைத்தார், அம்மி மஜுஸ் என்ற செடியின் விதையைத் தின்றுவிட்டு வெயிலில் இருக்கச் சொல்கிறார். அதே செடியின் சரக்கைக் கொண்டுதான் 1940-களில் கெய்ரோவில் எல் மோஃப்தி வெண்புள்ளிக்கு நவீன சிகிச்சையைத் தொடங்கினார். இன்றைய 311 நானோமீட்டர் புற ஊதா விளக்குக்கு விதையும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.

நம் பக்கத்தில் தேடியபோது நான் எதிர்பாராதது கிடைத்தது. சரக சம்ஹிதையின் குஷ்ட சிகிச்சை அத்தியாயத்தில், வெண்புள்ளிக்கு முதல் மருந்தாக ஒரு மரத்தின் சாறு. பேயத்தி என்று அடையாளம் காட்டுகிறார்கள். வெல்லம் சேர்த்துக் குடித்து, உடம்பில் எண்ணெய் பூசி, தாங்கும் அளவுக்கு வெயிலில் இருக்க வேண்டும். கொப்புளம் எழுந்தால் முள்ளால் குத்தி நீரை எடுக்க வேண்டும். பூசியது காய்வதற்கான வெயில் இல்லை இது. மருந்து உள்ளே போயிருக்கிறது. அந்தக் கொப்புளம் சோராலனும் வெயிலும் சேர்ந்தால் வருவதுபோலவே இருக்கிறது. அதே பேரினத்துச் சீமை அத்தியின் பாலிலும் சோராலன் உண்டு. விதையைத் தேடிப்போன எனக்கு, ஓடைக்கரையில் யாரும் சீண்டாத ஒரு மரம் கிடைத்துவிட்டது.

சந்தோஷம் தாங்காமல் பெரியவரிடம் ஓடினேன். அவர் தலையை ஆட்டினார். "பேயத்தியா? அதைக் குடிச்சா வயித்தால போகும் தம்பி. அதெல்லாம் மருந்தில்ல."

சரகரும் அதைப் பேதிமருந்தாகத்தான் கொடுக்கிறார். மூன்று நாள், தாகம் எடுத்தால் கஞ்சி.