போய்விட்டு வருகிறேன் – ஜப்பானிய பாஷையில்!

அறுபத்திரண்டு வயதில் ஜப்பானிய பாஷை கற்றுக்கொள்கிறேன் என்றதும் என் நாத்தனார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! சகோதரிகளே, எனக்குப் பாண்டித்தியத்தில் ஆசை கிடையாது. தோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் என் பெண் குடித்தனம் செய்கிறாள். மூன்று மாதம் போய் இருந்தேன். பேத்தி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். மாலையில் வாசலில் பூட்ஸைக் கழற்றியதும், "ததைமா!" என்று குரல் கொடுப்பாள். 'இதோ வந்துவிட்டேன்' என்று அர்த்தம். உள்ளேயிருந்து "ஒகாயெரி" என்று பதில் வரும்வரை அங்கேயே நிற்பாள். நாளைக்கு இந்தக் குழந்தை என்னோடு எந்தப் பாஷையில் பேசுமோ என்ற கவலை என்னைப் பிடித்துக்கொண்டது. நாலே எழுத்து, கற்றுக்கொண்டேன். அன்று அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள் பாருங்கள்!

'ஸயோநாரா' நமக்கெல்லாம் தெரிந்த சொல்தான். 1966-இல் வந்த 'லவ் இன் டோக்கியோ' இந்திப் படப் பாட்டின் உபயம்! ஆனால் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் அதைச் சொல்வதில்லை. "இத்தெ கிமாஸ்" என்பார்கள். 'போய் வருகிறேன்!' நம் வீட்டில் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் படி இறங்க முடியுமா? வீட்டில் இருப்பவர் "இத்தெராஷ்ஷாய்", அதாவது 'போய் வா' என்று அனுப்ப வேண்டும்.

வாக்கிய அமைப்பும் நமக்குப் பழகினதுதான். வினைச்சொல் கடைசியில் வரும். 'தபேமாஸ்' என்றால் சாப்பிடுகிறேன். 'தபேமாஸ் கா' என்றால் சாப்பிடுகிறீர்களா. நம் 'ஆ'வுக்கு அவர்கள் 'கா', அவ்வளவுதான். கடையில் ஆளைக் கூப்பிட, மன்னிப்புக் கேட்க, சமயத்தில் நன்றி சொல்லக்கூட 'சுமிமசேன்' ஒன்றே போதும். சிக்கனமான பாஷை!

என் மனம் கவர்ந்தது சாப்பாட்டு மேஜைச் சம்பாஷணை. உண்ணுமுன் கைகூப்பி "இத்ததகிமாஸ்" என்பார்கள். தலைமேல் வைத்துக்கொள்வது என்பது அச்சொல்லின் பழைய பொருள். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்கிறார்கள். உண்டு முடித்ததும் "கோச்சிசோசமா". அதை எழுதும் சித்திர எழுத்துக்களில் 'ஓடுவது' என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. விருந்துக்காகச் சாமான் தேடி ஓடியாடினவருக்குச் செய்யும் மரியாதை!

முப்பத்தெட்டு வருஷமாக நானும் அடுப்புக்கும் கூடத்துக்குமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டுக்காரருக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். சிரத்தையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் சாப்பிட்டு முடித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மோர் இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார்.