முதலீட்டாளர் கற்க வேண்டிய நூல்கள்

இலாப நட்டக் கணக்கு நேற்றைய இலாபத்தைக் கூறும்; நாளை அதனைப் பறிக்கப்போவது எதுவென்று கூறாது. ஆதலால், தொழில்நுட்பக் கம்பனிகளின் பங்குகளை வாங்குவோர் கணக்கறிக்கைகளோடு வணிக உபாய நூல்களையும் கற்றல் வேண்டும்.

முதலாவது, மைக்கல் போட்டர் 1980இல் வெளியிட்ட நூல். ஒரு தொழிலின் இலாபத்தைப் போட்டியாளர் மட்டுமன்றி வாங்குவோர், வழங்குவோர், புதிதாய் நுழைவோர், பதிலீட்டுப் பண்டங்கள் ஆகியனவும் அரிக்கும் என்பதை அது விளக்குகிறது.

இரண்டாவது, அன்ட்ரூ குறோவ் 1996இல் எழுதியது. யப்பானியப் போட்டியால் நலிந்த இன்ரெல், தன்னை வளர்த்த நினைவகச் சில்லுத் தொழிலை 1985இல் கைவிட்டு நுண்செயலியைப் பற்றிக்கொண்ட வரலாற்றை, அத்தீர்மானத்தை எடுத்தவருள் ஒருவரே அதிற் கூறுகிறார்.

மூன்றாவது, கிளேற்றன் கிறிஸ்ரென்சனின் 1997ஆம் ஆண்டு நூல். கணினி வட்டு இயக்கிகளை ஆக்கிய முன்னணி நிறுவனங்கள், தம் பெரிய வாடிக்கையாளரின் சொற்கேட்டுச் சிறிய இயக்கிகளைப் புறக்கணித்தே வீழ்ந்தன என்று அது காட்டுகிறது. நல்ல நிருவாகமும் அழிவுக்கு வழியாகலாம் என்பதே அதன் பாடம்.

எனினும், நூலறிவு சோதிடமன்று. அதே கிறிஸ்ரென்சன், 2007இல் ஐபோன் வெற்றிபெறாது என்று கணித்தார். இந்நூல்கள் விடைகளைத் தருவனவல்ல. கேட்கவேண்டிய வினாக்களையே தருகின்றன. வினவாது வாங்கியவனுக்கு நட்டம் மட்டுமே எஞ்சும். வினவி வாங்கியவனுக்கோ, எவ்விடத்திற் பிழைத்தோம் என்ற அறிவாவது எஞ்சும்.