ஹெத்தல் ஓடுபாதையில் ஒரு பகல்

இங்கிலாந்துக்குச் செல்லும் நம்மவர் இலண்டன் மாநகரைக் காண்பர். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் என்னும் கலாசாலைப் பட்டினங்களை எட்டிப் பார்ப்பர். உறவினர் வீடுகளில் விருந்துண்டு திரும்புவர். கிழக்குக் கரையோரமாகக் கிடக்கும் நோர்போக் மாகாணத்தை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. அங்கே மலைகள் இல்லை, அருவிகள் இல்லை. பார்லி வயல்களும் சீனிக்கிழங்குத் தோட்டங்களும் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்க, அவற்றின்மேல் வானம் கவிழ்ந்திருக்கிறது. வன்னிப் பெருவெளிகளைக் கண்டு பழகியவருக்கு அவ்வானம் அந்நியமாகத் தோன்றாது. மாகாணத்தின் தலைநகர் நொரிச். அதற்குத் தென்மேற்கே, விண்டம் என்னும் சிறு பட்டினத்துக்கு அண்மையில் உள்ளது ஹெத்தல் கிராமம். (விண்டம் என்பது ஊரார் உச்சரிக்கும் முறை. அப்பெயரை எழுதுவதற்கு ஆங்கிலேயர் ஒன்பது எழுத்துக்களைச் செலவிட்டு, அவற்றுட் பாதியை வாய்க்குள் விழுங்கிவிடுகிறார்கள்.)

தட்டையான நிலத்துக்கு ஒரு தனிப் பயன் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நோர்போக்கின் வயல்கள் பலவற்றில் கொங்கிறீற் ஊற்றி விமான ஓடுபாதைகள் அமைத்தனர். ஹெத்தலும் அவற்றுள் ஒன்று. 1943 முதல் போர் முடியும்வரை அமெரிக்க விமானப்படையின் 389 ஆவது குண்டுவீச்சு அணி, நான்கு இயந்திரங்கள் கொண்ட லிபரேட்டர் விமானங்களோடு இங்கே தங்கியிருந்தது. 1943 ஓகஸ்ட் 1 ஆந் திகதி, லிபியாவிலிருந்து புறப்பட்டு ருமேனியாவின் புளோயெஸ்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைத் தாழப் பறந்து தாக்கியவர்களுள் இவ்வணியினரும் இருந்தனர். சென்றவர் பலர் மீளவில்லை. அப்படைமுகாமின் சிற்றாலயம் இன்று அவர்களுக்கான நினைவுக் காட்சிச்சாலையாக நிற்கிறது.

போர் ஓய்ந்தபின் இத்தகைய ஓடுபாதைகளை என்ன செய்வது? கோதுமை விதைக்கக் கொங்கிறீற் இடந்தராது. மோட்டார்ப் பந்தயக்காரருக்கோ அது வரப்பிரசாதமாயிற்று. புகழ்பெற்ற சில்வர்ஸ்டோன் மைதானமும், இதே நோர்போக்கிலுள்ள சினெற்றர்ட்டன் மைதானமும் முன்னாள் விமானத் தளங்களே. நமது நாட்டிலும் களுத்துறைக்கு அண்மையில், போர்க்காலத்தில் அமைந்த கட்டுக்குருந்தை விமானத் தளத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றதைப் பலரும் அறிவர்.

ஹெத்தலுக்கு வாய்த்தவர் கொலின் சப்மன் என்பவர். 1928 இல் பிறந்த இவர், இலண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியில் கட்டட அமைப்புப் பொறியியல் பயின்றவர். விமானம் ஓட்டவும் கற்றவர். 1952 இல் லோட்டஸ் என்னும் தம் நிறுவனத்தை நிறுவி, 1966 இல் அதனை ஹெத்தலுக்குக் கொண்டுவந்தார். காரைப் பாலமாகவும் விமானமாகவும் பார்த்த மனிதர் அவர். பாலம் கட்டுபவன் ஒவ்வோர் உத்திரத்தையும் நோக்கி, “நீ தாங்குகிறாயா, அல்லது சும்மா தொங்குகிறாயா?” என்று வினவுவான் அல்லவா? அவ்வினாவையே சப்மன் மோட்டார் வண்டியின் ஒவ்வோர் உறுப்பிடமும் வினவினார். 1962 இல் அவர் செய்த லோட்டஸ் 25 என்னும் பந்தயக் காரில், குழாய்களாலான சட்டகத்தை நீக்கி, முட்டையோடு தன்னைத் தானே தாங்குவதுபோல உடலே தாங்குமாறு அமைத்தார். அடுத்த ஆண்டு ஜிம் கிளார்க் அவ்வகை வண்டியில் உலக வாகையர் ஆனார். 1967 இல் வந்த லோட்டஸ் 49 இல் இயந்திரமே வண்டியின் பின்பாதி எலும்பாயிற்று; பின்சக்கரங்களின் பாரத்தை அதுவே சுமந்தது. ஓர் உறுப்பு இரண்டு வேலை செய்தால் மற்றோர் உறுப்பு தேவையில்லை. அதன் நிறையும் இல்லை.

2019 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், நொரிச் நகரில் பொறியியலாளராகப் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் என்னை அங்கே அழைத்துச் சென்றார். உரிமையாளர்கள் தத்தம் வண்டிகளை ஆலையின் சோதனைத் தடத்திலேயே ஓட்டிப் பார்க்கும் நாள் அது. இத்தடம் பழைய ஓடுபாதைகளையும் அவற்றின் சுற்றுப் பாதையையும் தழுவி, ஏறக்குறைய 3.5 கிலோமீற்றர் நீளம் ஓடுகிறது. ஆலையின் சுவருக்கும் அதற்கும் இடையே தூரம் அதிகம் இல்லை.

இதைப் பந்தயம் என்று எண்ணிவிடலாகாது. காலையில் எல்லோரையும் ஓர் அறையில் அமர்த்திப் பாடம் நடத்துகிறார்கள். மஞ்சட் கொடி கண்டால் வேகம் குறைக்க வேண்டும். சிவப்புக் கொடி கண்டால் ஓட்டத்தை நிறுத்தித் திரும்ப வேண்டும். முந்துவது நேர்ப்பாதையில் மட்டுமே, அதுவும் முன்னே செல்பவர் வழிவிட்டால் மட்டுமே. வண்டியின் இரைச்சலை அளவுகருவி கொண்டு அளக்கிறார்கள். வரம்பை மீறிய வண்டி வீடு திரும்பவேண்டியதுதான். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்ப்பதும் இத்தகைய நாட்களில் பொதுவாகத் தடை. நேரம் அளந்தால் போட்டி வரும். போட்டி வந்தால் காப்புறுதிக்காரர் விலகிக்கொள்வர். ஆதலால் எந்த வண்டி எத்தனை வினாடியில் சுற்றியது என்ற கணக்கை வாசகர்கள் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் அமர்ந்து சென்ற வண்டிகள் மூன்று. மூன்றும் இதே ஆலையிற் பிறந்தவை. முதலாவது என் மாணவரின் சொந்த வண்டி, 1996 இல் அறிமுகமான எலீஸ் வகையின் முதற் தலைமுறை. நிறை ஏறக்குறைய 725 கிலோகிராம். வலு 118 பரிவலு. இரண்டாவது எக்சீஜ் ஸ்போர்ட் 350: 1,125 கிலோகிராம், 345 பரிவலு. மூன்றாவது எவோரா 400: 1,395 கிலோகிராம், 400 பரிவலு. மாணவர்கள் இங்கே ஒரு சிறு வகுத்தலைச் செய்து பார்க்கலாம். தொன் ஒன்றுக்கு எலீஸுக்குக் கிடைப்பது 163 பரிவலு, எக்சீஜுக்கு 307, எவோராவுக்கு 287. ஆகவே மூன்றனுள் வலு மிகுந்த வண்டி, விரைந்து பாயும் வண்டி அன்று. ஆர்முடுகலைத் தீர்மானிப்பது வலு மட்டும் அன்று, வலுவைத் திணிவால் வகுத்து வரும் ஈவு என்பதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். முதுகு இருக்கையில் அழுந்தும்போது அது வேறுவிதமாக விளங்குகிறது.

எலீஸினுள் ஏறுவதே ஒரு தேகப்பயிற்சி. அதன் சட்டகம் அலுமினியக் கீற்றுகளைப் பசையால் ஒட்டிச் செய்யப்பட்டது. சட்டகம் மட்டும் 68 கிலோகிராம்தான், நடுத்தர உடல்வாகுள்ள ஓர் ஆளின் நிறை. அந்த ஒட்டுச் சட்டகம் வலிமையாய் இருக்கவேண்டுமாதலின் வாசலின் பக்கச் சுவர் உயர்ந்து நிற்கிறது. முதலில் ஒரு காலை உள்ளே இட்டு, பின் உடலை மடித்து, இருக்கையில் விழவேண்டும். நாற்பது தாண்டி வயிறும் சற்றே முன்வந்த ஆசிரியர்களுக்கு உகந்த வண்டி அன்று. உள்ளே கம்பளமும் இல்லை, மெத்தையும் இல்லை என்று சொல்லிவிடலாம்.

ஆனால் வளைவு வந்தபோது அதன் குணம் தெரிந்தது. காற்றுத்திசை காட்டும் துணிக்குழாயின் பெயரால் ‘வின்ட்சொக்’ என வழங்கும் வளைவை நோக்கி நாங்கள் சென்ற வேகத்தில், திரும்புவது ஆகாத காரியம் என்றே எனக்குத் தோன்றிற்று. “சேர், முன்னுக்கு வாற புல்லைப் பாக்காதேங்கோ, வளைவு முடியிற இடத்தைப் பாருங்கோ” என்றார் மாணவர். சுக்கானுக்கு உதவி செய்யும் பொறி எதுவும் இவ்வண்டியில் இல்லை. சக்கரம் தரையில் உணர்வதெல்லாம் அவர் விரல்களுக்கு வந்து சேர்வதை அருகிலிருந்தே காணமுடிந்தது. கைகள் சிறிதும் போராடவில்லை. வண்டி திரும்பிற்று, அவ்வளவுதான்.

இவ்விடத்தில் கூர்மையான மாணவன் ஒருவன் எழுந்து நிற்பான். “உராய்வு விசை நிறைக்கு நேர்விகித சமம்; திரும்புவதற்கு வேண்டிய மையநோக்கு விசையும் திணிவுக்கு நேர்விகித சமம். சமன்பாட்டின் இருபுறமும் திணிவு வெட்டுண்டு போகிறதே! பாரமான வண்டியும் அதே கதியில் திரும்ப வேண்டாமா?” என்பான். நல்ல கேள்வி. உராய்வுக் குணகம் மாறாதது என்று கொண்டால் அவன் சொல்வதே சரி. ஆனால் டயரின் றப்பர் அவ்வாறு ஒழுகுவதில்லை. அதன்மேற் பாரம் கூடக் கூடப் பிடிப்பும் கூடுகிறதாயினும், பாரம் கூடிய அளவுக்குக் கூடுவதில்லை. இருமடங்கு சுமத்தினால் இருமடங்குக்குக் குறைவான பிடிப்பே கிட்டும். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்புறச் சக்கரங்கள்மீது பாரம் குவிவதால் இவ்விழப்பு மேலும் பெருகும். பாரவண்டிக்கு அகன்ற டயர் பூட்டுவது இக்குறையை ஈடுசெய்யவே. அகன்ற டயரும் பாரந்தான். அதைத் தாங்கும் அச்சும் பாரந்தான். இவ்வாறு ஒரு கிலோகிராம் இன்னொரு கிலோகிராமை அழைத்து வருகிறது.

பிறேக்கின் கதையோ ஐயத்துக்கு இடமின்றித் தெளிவு. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில், சாரதியுடன் சேர்த்து 800 கிலோகிராம் ஆகும் எலீஸிடம் உள்ள இயக்கசக்தி ஏறக்குறைய 309 கிலோயூல். நம் வீட்டுக் குழாயில் வரும் ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதுமானது. எவோராவுக்கு அது 567 கிலோயூல். ஏறக்குறைய இரண்டு லீற்றர் தண்ணீர். நிறுத்தும்போது இச்சக்தி முழுவதும் வெப்பமாகப் பிறேக்குகளில் இறங்குகிறது. ஒரு சுற்றில் எத்தனை வளைவுகளோ அத்தனை கேத்தல்கள்! அதனாற்றான் சில சுற்றுகள் ஓடியபின் ஒரு சுற்று மெல்ல ஓடிக் காற்றில் ஆறவிட்டு நிறுத்துகிறார்கள்.

எக்சீஜில் சென்ற சுற்றுகளைப் பற்றி அதிகம் எழுத இயலாது. தலைக்கவசத்துக்குள் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததே நினைவில் நிற்கிறது. எவோரா வேறு வகை. கதவு அகலமாகத் திறக்கிறது. பின்னே குழந்தைகள் இருவர் அமர இடமுண்டு. சுக்கானுக்கு எண்ணெய் அழுத்தத்தின் உதவி உண்டு. நேர்ப்பாதையில் அது எலீஸை எளிதில் விழுங்கிவிடும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை செல்லச் சொன்னால் நான் எவோராவையே கேட்பேன். ஆயினும், சாரதி என்ன செய்கிறார், வண்டி ஏன் அவ்வாறு நடக்கிறது என்பதை மூன்றனுள் எனக்கு விளக்கியது வலு குறைந்த எலீஸ்தான். மற்ற இரண்டிலும் பிழையாக வளைந்தவரை அடுத்த நேர்ப்பாதையில் இயந்திரம் காப்பாற்றிவிடுகிறது. எலீஸில் வளைவில் இழந்த வேகம் இழந்ததே.

தடத்தின் வளைவுகள் சிலவற்றுக்குப் பழைய பந்தய வீரர்களின் பெயர்களை இட்டிருக்கிறார்கள். கொண்டையூசிபோல் வளையும் இடமொன்று யோக்கன் றிண்டின் பெயரைத் தாங்குகிறது. நிறையைப் பகைத்ததன் மறுபக்கத்தைச் சொல்ல அப்பெயர் ஒன்றே போதும். 1969 இல் ஸ்பெயினில் நடந்த பந்தயத்தில், உயர்ந்த மெல்லிய தாங்கிகள்மேல் நின்ற பின்னிறகுகள் முறிந்து, லோட்டஸ் வண்டிகள் இரண்டும் மோதி நொறுங்கின; அவற்றுள் ஒன்றை ஓட்டியவர் றிண்ட். வண்டிகளின் உறுதியைப் பற்றிய தம் அச்சத்தை அவர் சப்மனுக்குக் கடிதமாகவே எழுதினார். 1970 செப்டெம்பர் 5 ஆந் திகதி, இத்தாலியின் மொன்சாவில், பயிற்சி ஓட்டத்தின்போது அவர் லோட்டஸ் 72 இல் மாண்டார். முன்பிறேக்கின் தண்டொன்று முறிந்ததே விபத்தைத் தொடக்கிற்று என்பது பெரும்பாலோர் கொள்கை. பாதுகாப்பு வேலி சரியாக நாட்டப்படாமையே உயிரைக் கவர்ந்தது என்பதும் உண்டு. அவ்வாண்டின் ஏனைய பந்தயங்கள் முடிந்தபோதும் அவரது புள்ளிகளை எவரும் மிஞ்சவில்லை. இறந்தபின் உலக வாகையர் ஆனவர் இன்றுவரை அவர் ஒருவரே. எந்த உறுப்பு சும்மா தொங்குகிறது, எது உயிரைத் தாங்குகிறது என்று முடிவு செய்பவன் ஒரு கிராம் தவறினாலும் விலை கொடுப்பவன் வேறொருவன். அவ்வளைவில் திரும்பும்போது என் மாணவரும் பேசவில்லை.

சப்மன் 1982 இல் காலமானார். நிறுவனம் பல கைகள் மாறி, 2017 இல் அதன் பெரும்பங்கு சீனத்தின் ஜீலி நிறுவனத்துக்குச் சென்றது. நான் ஏறிச் சென்ற மூன்று வகைகளும் 2021 இல் முடிவுக்கு வந்தன. அதுவரை அவற்றுள் 51,738 வண்டிகள் ஹெத்தலில் ஆகியிருந்தன. 2022 இல் லோட்டஸ் பெயரில் எலெற்ரே என்னும் மின்சார வண்டி வெளிவந்தது. அது சீனத்தின் வூஹான் நகரில் ஆவது. நிறை ஏறக்குறைய இரண்டரைத் தொன், அதாவது என் மாணவரின் எலீஸைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அதில் ஒரு பகுதி மின்கலங்களின் பாரம். மின்வண்டி பிறேக் பிடிக்கும்போது சக்தியில் ஒரு பகுதியை மீட்டு மின்கலத்துக்கே அனுப்பிவிடும் என்பது உண்மை. அவ்வளவில் என் கேத்தற் கணக்கு அதற்கு முழுமையாகப் பொருந்தாது. ஆனால் டயரும் வளைவும் அக்கணக்கை மன்னிப்பதில்லை. பெற்றோலின் காலம் முடியத்தான் வேண்டும். அதில் எனக்கு வழக்கில்லை. இரண்டரைத் தொன் இரும்பும் கலமும் ஒரு மனிதனைக் கடைக்குக் கொண்டுபோய் வரவேண்டுமா என்பதே என் வழக்கு.

2025 ஓகஸ்டில், பிரித்தானியாவிலுள்ள தம் பணியிடங்களில் 550 வரை குறைக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. விண்டத்திலும் அயற்கிராமங்களிலும் தகப்பனும் மகனுமாக அவ்வாலையில் வேலைசெய்த குடும்பங்கள் உண்டென்று மாணவர் சொல்லியிருந்தார். அப்போது அங்கே எஞ்சியிருந்த பெற்றோல் வண்டி எமீரா என்னும் ஒரு வகை. அதன் நிறை 1,400 கிலோகிராமுக்கு மேல். என் மாணவர் தமது எலீஸை விற்கவில்லை.