அம்மாவுக்கு எடுத்த விசா டியூஷன்

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் ஆளைக் காணோம். இது 2025 பிப்ரவரியில நடந்த கதை. எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போட்டு, இன்னிக்குத்தான் கை வந்துச்சு.

அக்கா இருக்கறது நியூஜெர்சியில. மாசமா இருக்கேன்னு மூணாம் மாசமே சொல்லிட்டா. அம்மாகிட்ட பாஸ்போர்ட்டே கிடையாது. "இந்த ரிலீஸ் முடியட்டும்மா, ஒரே நாள்ல அப்ளை பண்ணிடலாம்"னு சொன்ன புண்ணியவான் நான்தான். பொட்டி தட்டுறவன் வாழ்க்கையில ரிலீஸ் என்னிக்கு முடிஞ்சிருக்கு? பாஸ்போர்ட் வாங்கி, விசா ஸ்லாட் பார்க்கறதுக்குள்ள பேத்தி பொறந்து, குப்புற விழுந்து, அம்மா அதையெல்லாம் என் பழைய போன்ல வீடியோ கால்ல பார்த்தாங்க. ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா தேவலை.

அந்தக் குத்த உணர்ச்சியில இன்டர்வியூவுக்கு ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். மொத்தம் 25 கேள்வி, பக்கத்துல பதில். டிஎஸ்-160 ஃபாரம் நான்தான் நிரப்பினேன். (இதை யாராவது உதவி பண்ணி நிரப்பினா, யாருன்னும் அதுலயே கேக்கறாங்க. மறைக்காதீங்க. அப்ளிகேஷன் ஐடியை முதல்லயே எழுதி வெச்சுக்குங்க, நடுவுல நின்னு போனா அதை வெச்சுத்தான் திரும்ப உள்ள போகணும்.) கட்டணம் அப்போ 185 டாலர். கண்ணாடி போட்டுக்கிட்டு போட்டோ எடுக்கக் கூடாதுன்னு 2016லேர்ந்தே விதி. தெற்கு வாசல் ஸ்டூடியோவுல அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு, எங்க பார்க்கறதுன்னு தெரியாம என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அந்த போட்டோவுல அவங்க அவ்ளோ வயசானவங்களா தெரிஞ்சாங்க.

டியூஷன் நடந்தது ஸ்ரீரங்கத்துல, எங்க வீட்டு அடுக்களையில. அம்மா உள்ள அருவாமனையில வெண்டைக்காய் நறுக்கறாங்க. நான் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் முற்றத்துல நின்னுக்கிட்டு ஆபீசர்.

"எதுக்குப் போறீங்க?"

"பேத்தியைப் பார்க்க."

"எவ்ளோ நாள்?"

"மே மாசம் போயி அக்டோபர்ல வந்துடுவேன்."

"ஏன் அதுக்கு மேல இருக்க மாட்டீங்க?"

"நவம்பர்ல பேங்க்ல லைஃப் சர்டிபிகேட் குடுக்கணும்ல? இல்லாட்டி பென்ஷன் நின்னுடும்."

எனக்குச் சிரிப்பு தாங்கலை. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல இருந்தவர். அவர் போனப்புறம் அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன். "அம்மா, அதெல்லாம் இப்ப மொபைல்லயே முகத்தைக் காட்டிக் குடுத்துடலாம்"னேன். "அதை நீ ஆபீசர்கிட்ட போய்ச் சொல்லாதே"ன்னாங்க.

உண்மையில இந்த இன்டர்வியூவே இதுக்குத்தான். அந்த ஊர் சட்டத்துல 214(பி)ன்னு ஒரு பிரிவு. டூரிஸ்ட் விசா கேக்கற ஒவ்வொருத்தரும் அங்கேயே தங்கத்தான் வர்றாங்கன்னு வெச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. இல்லை, திரும்பி வருவேன்னு நாமதான் அவங்களுக்கு நம்பிக்கை வர வைக்கணும். ஊர்ல நமக்கு என்ன இருக்கு, யார் இருக்காங்கங்கறதுதான் கேள்வி.

14வது கேள்வி அதுதான்.

"உங்களுக்கு இங்க யார் இருக்கா?"

"மகன் இருக்கான்."

"அப்படி இல்லம்மா. ஷீட்ல என்ன இருக்கு? மகன் என் கூடவே இருக்கான்னு சொல்லணும்."

அம்மா நறுக்கறதை நிறுத்தலை. "கூடவே எங்கடா இருக்க? மாசத்துல ரெண்டு நாள் டோல்கேட்ல வந்து இறங்குற. ஒரு நாள் தூங்குற, மறுநாள் பஸ் ஏறுற. பொய் சொல்லி மாட்டிக்கிட்டா?"

பொய் சொல்லி மாட்டினா அந்த ஊருக்கு ஆயுசுக்கும் போக முடியாம ஆகலாம். அது எனக்கும் தெரியும். ஆனா அந்த பதிலை டைப் பண்ணும்போது அது பொய்னே எனக்குத் தோணலை பாருங்க, அதுதான் உறைச்சுது. பெங்களூர்ல இருந்துக்கிட்டு தினம் போன் பண்றதையே கூட இருக்கறதா கணக்குல வெச்சிருந்தேன். லேப்டாப்பைத் திறந்து 14க்கு எதிர்ல இருந்த பதிலை அழிச்சேன். வேற என்ன எழுதறதுன்னு தெரியலை. அந்தக் கட்டம் காலியாவே இருந்துச்சு.

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல ஸ்ரீரங்கத்துலேர்ந்து சென்னை. முதல் நாள் கைரேகை, போட்டோ. மறுநாள் காலையில துணைத் தூதரகம். அண்ணா மேம்பாலம்னா ஆட்டோக்காரர் யோசிப்பார், ஜெமினின்னு சொல்லுங்க. போன், பை எதுவும் உள்ள கூடாது. கூட வர்றவங்க வெளிய. வீட்டு வரி ரசீது, பென்ஷன் பேப்பர், பேங்க் பாஸ்புக், அக்கா மாப்பிள்ளையோட சம்பள ஸ்லிப்னு ஒரு ஃபைலை அம்மா கையில குடுத்துட்டு எதிர்ப்பக்கம் பிளாட்ஃபாரத்துல நின்னேன். வெயில் ஏற ஏற, என் கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கூட வராத வயித்துக் கலக்கல்.

அம்மா வெளிய வந்தப்ப ஃபைல் இருந்துச்சு, பாஸ்போர்ட் இல்ல. பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிட்டா பெரும்பாலும் விசா குடுத்துட்டாங்கன்னு அர்த்தம்!

"என்னம்மா கேட்டாங்க?"

"தமிழ்லயே கேட்டாங்கடா. எதுக்குப் போறீங்க, எப்ப வருவீங்க, இங்க யார் இருக்கான்னு. அவ்ளோதான். ஃபைலைத் தொறக்கவே சொல்லலை."

"கடைசிக் கேள்விக்கு என்ன சொன்னே?"

"மகன் பெங்களூர்ல இருக்கான், நான் வீட்டுல தனியா இருக்கேன். வீட்டைப் பூட்டிட்டு ரொம்ப நாள் இருக்க முடியாதுன்னேன்."

25 கேள்விக்கு ஷீட் போட்ட என்ஜினியரால எழுத முடியாத பதில். சாதாரணமா சொல்லிட்டு, "காபி குடிக்கலாமா"ன்னாங்க.

மே மாசம் போயி, பேத்தியோட முதல் பொறந்தநாளைப் பார்த்துட்டு, சொன்ன மாதிரியே அக்டோபர்ல வந்துட்டாங்க. நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட்டும் ஆச்சு. மொபைல்ல இல்ல, பேங்குக்கே போயித்தான். நானும் கூடப் போனேன். மேனேஜர்கிட்ட மல்லுக்கட்டி இப்ப மாசத்துல பத்து நாள் ஸ்ரீரங்கத்துலேர்ந்து லாகின் பண்றேன். கரண்ட் போனா மீட்டிங்கும் போகும், அது தனிக் கதை.

"பத்து நாளை 'கூடவே'ன்னு சொல்லலாமாம்மா?"ன்னு போன வாரம் கேட்டேன்.

"சொல்ல முடியாது. ரெண்டுக்குப் பத்து பரவாயில்ல"ன்னாங்க.

அப்பா அம்மாவை இன்டர்வியூவுக்குத் தயார் பண்றவங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்றேன். பதிலை நீங்க எழுதிக் குடுக்காதீங்க. கேள்வியை மட்டும் கேட்டுட்டு, அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க.