பாட்டு கொஞ்சம் காத்திருக்கட்டும்

திங்கள்

ஸ்லைடு ஷோ செய்யக் கற்றுக்கொள்ள உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பாட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மணிவிழாவுக்கோ பதினாறாம் நாள் காரியத்துக்கோ நாலரை நிமிடப் பாட்டு ஒன்று முதலிலேயே முடிவாகிவிடும். அதை ஆடியோ டிராக்கில் இறக்கி, மேலே படங்களை வரிசையாக அடுக்கி, பாட்டு முடியும் இடத்தில் படங்களும் முடியுமாறு இழுத்தோ குறுக்கியோ பொருத்துவார்கள். அறுபது படம் இருந்தால் 270 நொடியை அறுபதால் வகுக்க வேண்டியதுதான்: ஒரு படத்துக்கு நாலரை நொடி. சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள் பலவும் இந்த வழியில்தான் போகின்றன. இது தலைகீழ் என்பது என் கட்சி. படங்களைச் சத்தமே இல்லாமல் அடுக்கி, எது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தீர்மானித்த பிறகுதான் பாட்டு உள்ளே வர வேண்டும்.

காரணம் அந்த நாலரை நொடியிலேயே இருக்கிறது. கல்யாண மேடையில் எடுத்த குடும்பப் படம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். மூன்று வரிசையில் முப்பது பேர். பார்க்கிறவர் முதலில் தன்னைத் தேடுவார். அடுத்து இப்போது உயிரோடு இல்லாதவர்களைத் தேடுவார். பிறகு, முன்வரிசையில் அழுகிற கைக்குழந்தை யார் பிள்ளை என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். இதற்கு ஒன்பது நொடியாவது ஆகும். அடுத்த படம் தாத்தாவின் பாஸ்போர்ட் சைஸ் முகம். அதற்கு மூன்று நொடி தாராளம். வகுத்து வந்த நாலரை நொடியோ முதல் படத்துக்குப் பாதி, இரண்டாவதற்கு ஒன்றரை மடங்கு. அறுபது படமும் இப்படியே ஓடினால், அவசரமும் அலுப்பும் மாறி மாறி வருவதை உட்கார்ந்து பார்க்கிறோம். பார்க்கிறவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும்; பாட்டு நன்றாக இருந்ததால் அதையும் சொல்ல மாட்டார்கள்.

மென்பொருளும் இதற்கு உடந்தை. பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ், கெடென்லைவ் மூன்றிலும் ஒரு நிழற்படத்தை டைம்லைனில் போட்டால் அது தானாகவே 5 நொடிக்கு நீளும். ஐமூவியில் 4 நொடி. செட்டிங்ஸில் போய் மாற்றலாம். ஆனால் அதை 5-லிருந்து 6 ஆக்குவதில் பயன் ஒன்றும் இல்லை. எல்லாப் படத்துக்கும் ஒரே எண் என்பதுதான் கோளாறு.

செவ்வாய்

சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிட்டால் முதலில் கண்ணில் படுவது டிரான்சிஷன்கள். பக்கம் புரள்வது, கட்டம் கட்டமாக உடைவது, இதய வடிவில் விரிவது ஆகியவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்; கற்கத் தொடங்கிய வாரத்தோடு அவற்றின் மவுசு போய்விடுகிறது. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிய கிராஸ் டிசால்வைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நொடி டிசால்வை இரண்டு படங்களின் சந்தியில் நடுவாக வைத்தால், ஒவ்வொரு படமும் தலையில் அரை நொடியும் வாலில் அரை நொடியும் அடுத்ததோடு கலந்துவிடும். ஐந்து நொடிப் படத்தில் நான்கு நொடிதான் சுத்தமாகக் கிடைக்கிறது. கலக்கும் நேரத்தில் நடப்பதை நிறுத்திப் பார்த்தால் வேடிக்கை: பாட்டியின் மூக்குத்தி பேரனின் கன்னத்தில் மின்னுகிறது, மணமகனின் மீசை புரோகிதரின் நெற்றியில் ஏறுகிறது. பாட்டு ஓடும்போது இது யாருக்கும் தெரிவதில்லை. மௌனத்தில் எல்லாம் தெரிந்துவிடும். பத்து வருடம் தாண்டுகிற இடத்திலும், வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகிற இடத்திலும் டிசால்வை வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் நேராக வெட்டிவிடலாம் என்று அப்போதுதான் புத்தியில் உறைக்கும்.

ஜூம் விஷயமும் இதே மாதிரிதான். ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸின் பெயரில் ஆப்பிள் 2003-இல் ஐமூவியில் சேர்த்த 'கென் பர்ன்ஸ் எஃபெக்ட்', அதாவது நிழற்படத்தின் மேல் மெல்ல ஜூம் செய்து நகர்வது, இன்று வெவ்வேறு பெயர்களில் எங்கும் இருக்கிறது. தானாகவே போடச் சொன்னால், மென்பொருள் தனக்குத் தோன்றிய மூலையிலிருந்து தோன்றிய மூலைக்கு நகரும். யாருடைய தோள்பட்டையிலாவது போய் நிற்கும். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1957-இல் எடுத்த 'சிட்டி ஆஃப் கோல்ட்' இதற்கு நேர் எதிர். காலின் லோ, வுல்ஃப் கோனிக் இருவரும் இயக்கிய 22 நிமிடப் படம். டாசன் நகரத்துத் தங்க வேட்டைக் காலத்தைப் பெரும்பாலும் பழைய நிழற்படங்களை வைத்தே சொல்கிறது. பியர் பெர்ட்டனின் குரல் துணைக்கு இருக்கிறது. கேமரா எங்கே தொடங்கி எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் நகர்த்தினார்கள். சில்கூட் கணவாயின் பனிச்சரிவில் எறும்புச் சாரியாக ஆட்கள் ஏறும் படத்தில் கண் போக வேண்டிய இடத்துக்குத்தான் கேமராவும் போகும். இந்தப் படத்தின் பாதிப்பைக் கென் பர்ன்ஸே சொல்லியிருக்கிறார். தாளத்துக்கு ஏற்ற நகர்வு என்று இதில் எதையும் சொல்ல முடியாது. நகர்வு படத்துக்குள்ளிருந்து வருகிறது. (போகிற போக்கில் ஒன்று: 6000 பிக்சல் அகலப் படத்தை 1920 அகலத் திரையில் சுமார் மூன்று மடங்கு வரை தயங்காமல் ஜூம் செய்யலாம். வாட்ஸப்பில் வந்த படத்தில் அதைச் செய்தால் முகம் கஞ்சியாகிவிடும்.)

வியாழன்

தாளத்துக்கு வெட்டுவதுதானே அழகு என்று கேட்கலாம். இப்போதைய செயலிகள் பாட்டைக் கேட்டுத் தாங்களே தாளத்தைக் கண்டுபிடித்துப் படத்தை மாற்றித் தருகின்றன. கையால் செய்வதும் சிரமமில்லை: பாட்டை ஓடவிட்டு அடி விழும்போதெல்லாம் எம் விசையைத் தட்டினால் மார்க்கர் விழும், அந்த இடத்தில் வெட்டினால் முடிந்தது. நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு அரை நொடி. 25 பிரேம் வீடியோவில் அது பன்னிரண்டரை பிரேம். அரை பிரேம் என்று ஒன்று இல்லாததால் ஒன்றுவிட்டு ஒரு வெட்டு நூலிழை தள்ளிப்போகும். கண் அதைப் பிடிக்காது, விட்டுவிடலாம்.

கண் பிடித்துக்கொள்வது வேறொன்றை. நான்கு முறை தாளத்தில் படம் மாறினால், ஐந்தாவது எப்போது மாறும் என்று மனம் முன்கூட்டியே எண்ணத் தொடங்குகிறது. அதன்பிறகு அது படத்தைப் பார்ப்பதில்லை, மாற்றத்தைத்தான் பார்க்கிறது. குழந்தையின் முதல் பிறந்தநாளில் எடுத்த முப்பது குறும்பு முகங்களுக்கு இது பொருந்தும். அங்கே எந்த முகத்தையும் தனியாக நின்று பார்க்க வேண்டியதில்லை. எண்பது வருட வாழ்க்கைக்கு இது பொருந்தாது. தாளம் வேண்டும் என்றால் அடிக்கு அடி வெட்டாமல் ஆவர்த்தனத்தைப் பிடித்துக்கொள்ளலாம். எட்டு அட்சர ஆதி தாளத்தில் ஓர் அட்சரம் முக்கால் நொடி என்றால் ஆவர்த்தனம் ஆறு நொடி. ஒரு படம் ஓர் ஆவர்த்தனம் நிற்கட்டும், கூட்டப் படம் இரண்டு நிற்கட்டும், சின்ன முகம் அரையில் போகட்டும். அப்போதும் அரையா இரண்டா என்பதைச் சொல்வது படம்தான்.

வெள்ளி

கனமான மறுப்பு கென் பர்ன்ஸிடமிருந்தே வருகிறது. இசையைப் படத்தொகுப்புக்கு முன்பே பதிவு செய்துவிட்டு, அந்த இசையை வைத்துக்கொண்டு வெட்டுகிறவர் அவர். இதைப் பேட்டிகளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 1990-இல் வெளியான ஒன்பது பாகத் தொடரான 'தி சிவில் வார்' நிழற்படங்களை ஓடவிடுவதில் இன்றுவரை இலக்கணமாகச் சொல்லப்படுகிறது. அதன் அடையாளமாகிப்போன 'அஷோகன் ஃபேர்வெல்' மெட்டும் தொடருக்காகப் போட்டதல்ல, ஜே உங்கர் 1982-இல் அமைத்தது. பிறகு பாட்டு காத்திருக்க வேண்டும் என்று நான் எப்படிச் சொல்லலாம்?

இந்த மறுப்பை ஒதுக்க முடியாது. என் கட்சியைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பர்ன்ஸ் கையில் இருந்தது முடிந்துபோன ஒரு பாட்டு அல்ல. மெட்டுகளை வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு கருவிகளில் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார். ஒரே மெட்டு தொடர் முழுக்கத் திரும்பத் திரும்ப வெவ்வேறு உருவில் வருவது அதனால்தான். படம் நீண்டால் நீளமான வடிவம், சுருங்கினால் சுருங்கிய வடிவம். அவருடைய இசையும் படங்களைப் போலவே மேசையில் கிடந்த கச்சாப்பொருள். நம் நாலரை நிமிடப் பாட்டோ வார்த்து முடித்த அச்சு. ஆகவே சண்டை முன்பின் பற்றியது இல்லை, கடிகாரம் யார் கையில் என்பது பற்றியது. மெட்டுகளைப் பல வடிவில் வாசித்துத்தர ஆள் வைத்திருப்பவர் தாராளமாக இசையிலிருந்து தொடங்கலாம். ரெடிமேட் பாட்டை வைத்திருப்பவருக்கு, முக்கியமாகக் கற்றுக்கொள்கிறவருக்கு, மௌனத்தில் தொடங்குவதுதான் காவல்.

நிழற்படக் கலைஞர் நேன் கோல்டினின் 'தி பேலட் ஆஃப் செக்‌ஷுவல் டிபெண்டன்சி'யையும் எதிர்த்தரப்பில் சேர்க்கலாம்: ஏறக்குறைய 700 ஸ்லைடுகள், முக்கால் மணி நேரம், முழுக்க ரெடிமேட் பாட்டுகள். ஆனால் அதை அவர் ஆண்டுக்கணக்கில் திரையிட்டு, படங்களையும் வரிசையையும் மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரே ராத்திரியில் பாட்டுக்குள் படத்தைத் திணிக்கிற வேலையோடு அதை ஒப்பிட முடியாது.

ஞாயிறு

'படத்தை நீட்டலாம், குறைக்கலாம். பாட்டை என்ன செய்ய முடியும்? அதனால்தான் பாட்டை முதலில் வைக்கிறோம்' என்பது நடைமுறைக்காரர்களின் வாதம். நம் திரைப்பாட்டைப் பொறுத்தவரை இது சரியில்லை. பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி, இன்னோர் இடையிசை, இரண்டாம் சரணம், கடைசியாகப் பல்லவி என்று அது ஏற்கெனவே துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. முதல் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் வெட்டி, கடைசிப் பல்லவியின் அதே சொல்லில் ஒட்டினால் இரண்டாம் சரணம் சுவடில்லாமல் போய்விடும். வேவ்ஃபார்மில் அடி விழும் கூம்பைப் பார்த்து ஒட்டி, சந்தியில் மிகச் சின்ன ஃபேட் கொடுத்தால் போதும். பழைய பதிவுகளில் வேகம் நூலிழை முன்பின் ஆகியிருக்கும். அங்கே கண்ணை நம்பாமல் காதைத்தான் நம்ப வேண்டும். படங்கள் மிஞ்சினால் இடையிசையை மட்டும் எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

நம் பாட்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. திரைப்பாட்டு தன் காட்சியையும் கூடவே கூட்டிவருகிறது. அம்மாவைப் பற்றிய புகழ்பெற்ற பாட்டு ஒன்றைப் போட்டால், பார்க்கிறவர்கள் மனத்தில் அந்தக் கதாநாயகனும் ஓடுவான். திரையில் இருப்பது நம் வீட்டு அம்மா, காதில் கேட்பது வேறொருவருடைய அம்மா. வரிகளும் படத்தைத் தம் பக்கம் இழுக்கும்: நிலா என்று வந்தால் நிலா வெளிச்சத்தில் எடுத்த படத்தை அங்கே வைக்கக் கை பரபரக்கும், வைத்தவுடன் வருட வரிசை கலைந்துவிடும். மௌனத்தில் வரிசை முடிந்திருந்தால் இந்தச் சபலம் எட்டிப்பார்க்காது. வரிகளே இல்லாத வீணையோ புல்லாங்குழலோ பல நேரம் மேல் என்பது என் எண்ணம், இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் அதிகம் என்றாலும். யூடியூபில் ஏற்றுகிற உத்தேசம் இருந்தால் உரிமைப் பிரச்சினை தனி. அங்கே பாட்டை இயந்திரமே அடையாளம் கண்டுபிடித்துவிடும்.

மௌனமாக வேலை செய்வது கற்கிறவருக்கு அலுப்பு, பாட்டு இருந்தால்தான் உற்சாகம் என்பது நியாயமான பேச்சு. அப்படியானால் அறுபது படத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டு படத்தில், ஒரு நிமிடத்தில் பழகலாம். அதற்குள் அலுப்புத் தட்டாது; எது எவ்வளவு நேரம் நிற்கும் என்கிற கணக்கும் கைக்கு வந்துவிடும்.

மிஞ்சுவது மண்டபக்காரர்களின் மறுப்பு. வரவேற்பில் எல்இடி திரையில் ஓடுகிற ஸ்லைடு ஷோவை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? பாதிப்பேர் மேடை வரிசையில் நிற்கிறார்கள், மீதிப்பேர் பந்தியில் இருக்கிறார்கள். மேளமோ டிஜேயோ வேறு. உண்மைதான், அதற்கு இந்த வாதம் ஒன்றும் தேவையில்லை. அங்கே 5 நொடி டீஃபால்டை அப்படியே விட்டு, டிசால்வையும் மொத்தமாகப் போட்டு, லூப்பில் ஓடவிடலாம். பந்தி முடிந்து வருகிறவர் எங்கே பார்க்கத் தொடங்கினாலும் ஒன்றுதான்.